மூன்றாவது கம்பியும் ஆறாவது கம்பியும்

வசுமதிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து நிறைய வேண்டும். அது பாதி தூரம் வந்து, யாருக்கோ காத்திருப்பது போல நின்றுவிட்டது. எழுந்து ஜன்னல் வரை போனாள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. இப்போதைக்கு அந்தக் கோட்டையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தாள். பச்சைக் கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

அது நிறைந்தால்தான் அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர் தன் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்பிய குரல் அவள் காதுக்கு வந்து சேரும். அதைக் கேட்டு, டைப் அடித்து, திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். இரண்டாயிரத்து ஒன்பதில் படூர் பக்கம் இருந்த ஒரு கம்பெனி, இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யப் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் சோதனை. தேறினால் வேலை. தேறாவிட்டால் நன்றி சொல்லி ஒரு மெயில், அதோடு சரி.

கல்யாணத்துக்கு முன்னால் வசுமதி செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் தமிழும் ஹையர், இங்கிலீஷும் ஹையர். டாக்டர்களின் கையெழுத்தை டாக்டர்களே படிக்கத் திணறும்போது அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு கல்யாணம், அபிஷேக், கணவனின் ஷிப்ட் டூட்டி என்று விரல்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. பையன் வளர்ந்து படூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டில் சத்தமும் குறைந்தது, வேலையும் குறைந்தது. கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துத் தானே போய் நுழைவுப் பரீட்சை எழுதித் தேறி வந்தாள். தேறியதைவிட, மருத்துவச் சொல் ஒன்றும் மறந்து போகவில்லை என்று தெரிந்ததில்தான் அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

இப்போது அந்தக் குளிர்ச்சி எல்லாம் போய்விட்டது. வேலைக்கான ஃபைலை அவள் எடுத்த நேரமும் திருப்பிக் கொடுத்த நேரமும் மட்டும்தான் கம்பெனிக்குத் தெரியும். நடுவில் கோடு எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அக்கறை இல்லை.

செல்போன் அடித்தது. கம்பெனியில் அவளைக் கவனிக்கிற சூப்பர்வைசர் ஸ்வாதி. அபிஷேக்குக்கு அக்கா வயதுதான் இருக்கும்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஒர்க்ல மிஸ்டேக்கே இல்ல. ஆனா ரொம்ப லேட் ஆவுது. உங்க கூட சேந்தவங்க எல்லாம் உங்களவிட டபுளா முடிக்கிறாங்க."

"நெட்டு கொஞ்சம் ஸ்லோவா கீதும்மா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க ஆன்ட்டி," என்று ஸ்வாதி சிரித்தாள். "சனிக்கிழமையோட ட்ரையல் முடியுது. கொஞ்சம் ஸ்பீடா பாருங்க, இன்னா?"

'சாரிம்மா' என்று சொல்லி வைத்தாள். இந்த வாரம் எத்தனை சாரி சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. நெட்டுக்காக இவள் ஏன் சாரி சொல்ல வேண்டும்? ஆனால் அடிமனதில் ஒரு சந்தேகம் முளைவிட்டிருந்தது. மெதுவாக இருப்பது நெட்டுதானா? இத்தனை வருஷம் சாம்பாருக்குப் புளி கரைத்த விரல்கள் இனி ஓடாதோ? வேலை போனால் போகட்டும் என்று ஒரு நாள் அழுதுவிட்டு இருந்துவிடலாம். 'உனக்கு இனிமேல் ஆகாது' என்று ஒரு சின்னப் பெண் சொல்லி, அதை வீடு மொத்தமும் 'அதான் தெரியுமே' என்று கேட்டுக்கொள்வதை மட்டும் தாங்க முடியாது.

வீடு மொத்தம் என்றால் முக்கியமாக ரவிச்சந்திரன், அவள் கணவர்.

ரவிச்சந்திரனுக்குச் சொந்த ஊர் செய்யூர். கல்பாக்கத்து அணுசக்தி வளாகத்தில் கருவிகளின் வயரிங்கைப் பார்த்துக்கொள்கிற பிரிவில் ஃபோர்மேன். மனிதர் நல்லவர். ஆனால் வயர் விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. கம்பெனி, வேலைக்கு இரண்டு நிபந்தனை போட்டிருந்தது. கதவு மூடிய தனி அறை வேண்டும். நெட்டு வயர் மூலமாகத்தான் வர வேண்டும். வயர்லெஸ் கூடாது. நோயாளியின் ரகசியம் காற்றில் போனால் யாராவது பிடித்துவிடுவார்களாம். இதைக் கேட்டதும் ரவிச்சந்திரனுக்குக் காலில் சக்கரம் முளைத்தது.

"நான் இன்னா சொன்னேன்? காத்த நம்பலாமா? கம்பின்னா கம்பிதான். எங்க பிளான்ட்ல ஒரு சிக்னலாவது காத்துல போவுதா?"

டெலிபோனும் மோடமும் கீழே ஹாலில். தனி அறை மாடியில். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. சுவர் ஓரமாக, மொட்டை மாடி சுற்றி, ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு வயரை இறக்கினார். அளந்து வைத்தது போல கிளிப்பு. திருப்பங்களில் வயருக்கு வலிக்கக் கூடாதாம், அதனால் வளைவு. இரண்டு முனையிலும் பிளக்கைத் தானே மாட்டி, பிளான்டில் மாட்டுவது போல தன் இனிஷியல் போட்ட ஒரு சின்ன அட்டை கட்டித் தொங்கவிட்டார். கடைசியில் மீட்டரை வைத்து வயருக்குள் இருந்த எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். எட்டுக்கும் 'பீப்' என்றது. பக்கத்து வீட்டு மார்கரெட் டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணுல ஒத்திக்கலாம் போல கீது," என்றாள். ரவிச்சந்திரன் அன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

அந்த வயரைக் குறை சொல்வது எப்படி? ஆசையாகச் செய்து கொடுத்திருக்கிறார். பூ வாங்கிக் கொடுக்கத் தெரியாத மனிதர், வயர் போட்டுக் கொடுத்தார். வசுமதிக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் வாரம் முழுக்க வேறு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள்.

முதலில் டெலிபோன் லைனைச் சந்தேகப்பட்டாள். கடல் காற்றில் இந்தப் பக்கம் எதுவும் தப்பாது. ஆணி முதல் ஆன்டெனா வரை பூத்துப் போகும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வந்து கம்பத்தில் ஏறி, பச்சை பிடித்த ஜாயின்ட்டைச் சுரண்டிக் கட்டிவிட்டுப் போனார். கோடு அசையவில்லை. மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டாள். அசையவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடும்போது இன்னும் மோசமாகிறதோ என்று தோன்றி, குளிக்கப் போன கணவரைப் பாதிச் சோப்பில் நிறுத்திவைத்தாள். மோட்டார் நின்ற பிறகும் கோடு நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னாங்க, அந்த வயரு..." என்று புதன்கிழமை மெல்ல ஆரம்பித்தாள்.

"வயருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. ஒருக்கா பாக்குறீங்களான்னு."

மனிதர் சாப்பாட்டை விட்டு எழுந்து, கை கழுவி, மீட்டரை எடுத்து வந்து எட்டையும் தொட்டுக் காட்டினார். எட்டும் 'பீப்' என்றது. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

"வயரு சுத்தமா கீது வசு. நீ ரொம்ப நாளு கழிச்சு உக்காந்துகினு கீற. பழக்கம் வுட்டுப் போயிருக்கும். நாளாவ நாளாவ கை தன்னால வந்துடும். இதுக்கு எதுக்குப் பேஜாரு?"

இதமாகத்தான் சொன்னார். அந்த இதம்தான் அவளைக் குத்தியது. அன்று மாடிக்குப் போய், வெறும் பக்கத்தில் தனக்குத் தெரிந்த நோய்ப் பெயர்களை எல்லாம் வேகமாக அடித்துப் பார்த்தாள். விரல்கள் ஓடின. ஓடினதாகத்தான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் தன் வேகத்தைத் தானே பார்த்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அபிஷேக் அழுக்குத் துணி மூட்டையோடு ஹாஸ்டலிலிருந்து வந்தான். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். வசுமதி மேலே ஏறும்போது எட்டிப் பார்த்தாள். பந்து வந்தது, மட்டை சுழன்றது, பந்து போனது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"ஏண்டா, இது எப்டி ஓடுது?"

"வை-ஃபைம்மா. நம்ம மோடம்லேர்ந்துதான் வருது. சூப்பரா கீதே."

அவள் அவனைக் கையைப் பிடித்து மாடி அறைக்கு இழுத்துப் போனாள். தன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். வேகம் அளக்கிற ஒரு தளம் உண்டு என்று அவன் சொல்ல, அதை இரண்டிலும் திறந்தார்கள். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை அளந்தார்கள். காற்றில் வருவதில் முள் சரசரவென்று ஏறி உச்சியில் நின்றது. கம்பியில் வருவதில் முள் கொஞ்சம் எழுந்து, நடுங்கி, உட்கார்ந்துகொண்டது.

அதே மோடம், அதே லைன், அதே அறை. காற்றுக்கு ஓடுகிற நெட்டு கம்பிக்கு மட்டும் நொண்டுகிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று வசுமதிக்குப் பயமாக இருந்தது. கூடவே, வெளியில் சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. கை மட்டுமே காரணம் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அபிஷேக்கே போட்டு உடைத்தான். "ப்பா, உங்க வயர்லதான் ப்ராப்ளம் கீது."

ரவிச்சந்திரன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "வயரு எட்டும் ஓகே. உங்கம்மா எதிர்லயே பாத்தேன். கம்ப்யூட்டர் பொட்டி பழசு. பொட்டியில கோளாறா இருக்கும்."

பிறகு பேச்சு அவருடைய ஆபீஸுக்குப் போனது. எப்போதும் போகும். பிரவின்குமார் என்று புதிதாகச் சேர்ந்த ஒருவன், தான் மாட்டிய வயரைத் தானே சரிபார்த்ததாக, செய்தவர், பார்த்தவர் என்று இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். "வுட்டேன் பாரு ஒரு டோஸ். டேய், செஞ்சவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாதுடா. அதுக்குத்தான் இன்னொருத்தன் பாக்கணும்னு வெச்சிருக்கு. நான் போட்டாலும் இன்னொருத்தன் பாத்துக் கையெழுத்துப் போடணும். இத்தன வருசத்துல ஒருநாள் மீறுனது இல்ல."

வசுமதி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரசம் தட்டு விளிம்பு வரை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

சனிக்கிழமை ரவிச்சந்திரனுக்குக் காலை ஷிப்ட். அபிஷேக் நண்பர்களோடு மாமல்லபுரம் போய்விட்டான். மாடியில் கோடு வழக்கம் போலப் படுத்திருந்தது. கடைசி நாள். வசுமதி கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்தாள். பெட்டியா, வயரா? வயரைக் கீழே கொண்டுபோக முடியாது. பெட்டியைக் கொண்டுபோகலாம்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள். அரிசி மூட்டையைவிட ஒன்றும் கனமில்லை. பெட்டி, திரை, கீபோர்டு என்று மூன்று முறை ஏறி இறங்கி ஹாலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் பரப்பினாள். மோடம் வந்த அட்டைப்பெட்டியில் கூடவே வந்த ஒரு குட்டி வயர் பிரிக்காமல் கிடந்தது. கம்பெனிக்காரன் கொடுத்த வயரைத் தொடுவது ரவிச்சந்திரனுக்குக் கௌரவக் குறைச்சல். அதை மோடத்தில் ஒரு முனை, பெட்டியில் ஒரு முனை மாட்டினாள்.

பச்சைக் கோடு ஓடியது. படுத்திருந்த சனியன் எழுந்து ஓட்டமாக ஓடி முட்டியது.

வசுமதி எழுந்து வாசல் கதவைத் தாழிட்டாள். ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்தாள். கம்பெனி அறையை மூடச் சொன்னது, அவள் வீட்டையே மூடினாள். மணைப்பலகையில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். அமெரிக்க டாக்டர் ஒருவர், வாயில் எதையோ மென்றுகொண்டு, யாருடைய பித்தப்பையைப் பற்றியோ பேச ஆரம்பித்தார்.

விரல்களைப் பற்றி அப்புறம் அவள் யோசிக்கவே இல்லை. ஒரு ஃபைல் போனது, அடுத்தது வந்தது. அது போனது, அடுத்தது வந்தது. வாரம் முழுக்கக் கட்டிப்போட்டிருந்த ஆத்திரம் எல்லாம் விரல் வழியாக இறங்கியது. முதுகு வலித்தது, கால் மரத்தது, அடுப்பில் உலை வைக்கவில்லை. கடைசி ஃபைல் ஓடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"வசு!"

"கொஞ்சம் இருங்க!"

"இன்னாடி, பட்டப்பகல்ல தாப்பா போட்டுகினு?"

"வேல நடக்குது. உள்ள யாரும் வரக் கூடாது. ரூலு!"

வெளியில் சத்தம் அடங்கிவிட்டது. ரூல் என்ற சொல்லுக்கு ரவிச்சந்திரனிடம் அப்படி ஒரு மரியாதை உண்டு. டிபன் பாக்ஸ் பையோடு, ஷிப்ட் முடிந்து பசியோடு வந்த மனிதர், தன் வீட்டு வாசலில் வெயிலில் நின்றார். மார்கரெட் டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டதும், "ஒண்ணுமில்லம்மா, காத்து வாங்குறேன்," என்று அவர் சொன்னதும் வசுமதிக்கு ஹெட்ஃபோனையும் மீறிக் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசி வரியை அடித்து அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

ரவிச்சந்திரன் செருப்பைக் கழற்றப் போய், அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதிலிருந்து மோடம் வரை போன குட்டி வயரைப் பார்த்தார். தன் வயர் ஓரமாகக் கழற்றிப் போட்டிருப்பதைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் செல்போன் அடித்தது. ஸ்வாதி.

"ஆன்ட்டி, இன்னிக்கு இன்னா ஆச்சு? எல்லாரையும் தாண்டிட்டீங்க."

"அப்டியாம்மா?"

"தப்பா நெனைக்காதீங்க, கேட்டுதான் ஆவணும். வேற யாராச்சும் ஒக்காந்து அடிச்சாங்களா? ஒரே நாள்ல இவ்ளோ வித்தியாசம் வந்தா மேல கேப்பாங்க."

வசுமதிக்கு முகம் சிவந்தது. மெதுவாகச் செய்தால் உனக்கு ஆகாது என்கிறார்கள். வேகமாகச் செய்தால் நீ செய்யவில்லை என்கிறார்கள். இந்த முறை சாரி சொல்லவில்லை.

"யாரும் அடிக்கலம்மா. நான்தான். வயர மாத்தினேன்."

"சரி ஆன்ட்டி. திங்கக்கிழமை ஒரு நாள் எக்ஸ்ட்ரா குடுக்க சொல்றேன். அன்னிக்கும் இதே மாதிரி வந்தா ஓகே. ரூம் குளோஸ் பண்ணி ஒர்க் பண்ணுங்க."

போனை வைத்தாள்.

"வயர மாத்தினேன்னு யாராண்ட சொன்ன?" என்றார் ரவிச்சந்திரன்.

"சூப்பர்வைசராண்ட."

"எட்டும் பீப்புன்னு சொல்லிச்சில்ல?"

"சொல்லிச்சு. அப்பறம் ஏங்க அதுல நொண்டுது, இதுல ஓடுது? பொட்டி அதேதான். கையும் அதேதான்." கழற்றிப் போட்ட வயரைக் கையில் எடுத்தாள். "திங்கக்கிழம வூட்டப் பூட்டிகினு ஒக்கார முடியாது. மேலதான் ஒக்காரணும். உங்க வயர்லதான் ஒக்காரணும். எனக்கு அது சரியா வோணும்."

வசுமதி இரண்டு வயரின் முனைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். பிளக்குகள் கண்ணாடி போல இருந்தன, உள்ளே எட்டுக் கம்பியும் வரிசையாகத் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்த பழக்கம். கண் தானாக ஓடியது. ஓரிடத்தில் நின்றது.

"இங்க பாருங்க. உங்களுதுல பச்சை-வெள்ளையும் பச்சையும் ஒட்டிகினு கீது. அப்பறம் நீலம் ரெண்டும் ஒண்ணா. இதுல பச்சை-வெள்ளை மூணாவதா கீது, பச்சை ஆறாவதா தள்ளி நிக்குது. நடுவுல நீலம் ரெண்டும் பூந்துகினு கீது."

ரவிச்சந்திரன் பார்த்தார். "அவன் கண்டபடி போட்டிருக்கான். ஜோடிய ஜோடியா பக்கத்துல போடுறதுதான் முறை. பிளான்ட்ல எல்லாத்தையும் அப்டித்தான் போடுறோம். ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி போட்டா சரி. கரன்ட்டுக்குக் கலரு தெரியுமா?"

"கரன்ட்டுக்குத் தெரியாது. பொட்டிக்குத் தெரியுதே."

அவர் குட்டி வயரின் பிளக்கை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாவது கம்பி, ஆறாவது கம்பி. இரண்டும் பச்சை. வயருக்குள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கி வருகிற கம்பிகளில், பெட்டி மூன்றையும் ஆறையும்தான் ஒரு ஜோடியாகக் கேட்கிறது. அவர் போட்டதில் மூன்று ஒரு முறுக்கிலும் ஆறு வேறு முறுக்கிலும் போகின்றன. போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும் ஒரே முறுக்கில் போகாவிட்டால் பக்கத்துக் கம்பியின் இரைச்சல் எல்லாம் உள்ளே புகுந்துவிடும். இதை அவர் வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாகவே சொல்வார். மீட்டர் கம்பி அறுந்ததா இல்லையா என்றுதான் பார்க்கும். யார் யாரோடு ஜோடி என்று அது பார்க்காது.

முகத்தில் ஈயாடவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வசுமதிக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், ஒரு வாரமாகத் தன்னையே சந்தேகப்பட்டு விரல்களை வெறித்துக்கொண்டிருந்ததை நினைத்து எரிச்சல் வந்தது. எரிச்சல்தான் ஜெயித்தது.

"நீங்க போட்ட வயர யாருங்க பாத்தது?"

"இன்னா?"

"பிளான்ட்ல செஞ்சவன் பாக்கக் கூடாதுன்னு அந்தப் பையனுக்கு டோஸ் வுட்டீங்களே. இங்க போட்டதும் நீங்க, பாத்ததும் நீங்க. தப்பு மட்டும் என் கையில கீதுன்னு சொன்னீங்க."

அவர் எழுந்து, சாப்பிடாமலே அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்தார். புதுப் பிளக்குகளும் அவற்றை அழுத்துகிற கட்டிங் பிளேயர் மாதிரியான கிரிம்பரும் அதில் இருந்தன. முதலில் மாடிக்குப் போனார். வசுமதி குட்டி வயரைக் கையில் பிடித்தபடி பின்னால் போனாள். பழைய பிளக்கை வெட்டி, கம்பிகளைப் பிரித்து, பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தி மாட்டி, அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு நிறமாக வாய்விட்டுச் சொன்னாள். எட்டும் சரி. "ஓகே."

கீழே வந்தார்கள். ஹால் முனையை வெட்டினார். மாடி முனை சரியாக வந்த தைரியமோ, பசியோ, இந்த முறை கை வேகமாக ஓடியது. இத்தனை வருஷம் ஓடிப் பழகிய கை. அழுத்தி முடித்து நீட்டினார். அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை... நின்றாள். அடுத்தது பச்சை. மறுபடியும் ஜோடியை ஜோடியோடு ஒட்டவைத்திருந்தார்.

முன்பானால், போனால் போகிறது என்று மென்மையாகச் சொல்ல ஒரு வழி தேடியிருப்பாள்.

"தப்பு. மறுபடி போடுங்க."

ரவிச்சந்திரன் பிளக்கை வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது. கிரிம்பரை எடுத்து, 'நறுக்' என்று வெட்டிப் போட்டார். வெட்டிய துண்டு உருண்டு செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பழக்கம்," என்றார் மெதுவாக. "கை அது பாட்டுக்குப் போவுது."

"தெரியுது."

இந்த முறை மாட்டி முடிக்க நேரமானது. அவள் எட்டையும் சொன்னாள். சரி என்றாள். அவர் வயரில் தொங்கிய அட்டையைத் திருப்பி, தன் இனிஷியலுக்குக் கீழே இருந்த வெற்று இடத்தைக் காட்டி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தார். வசுமதி தன் பெயரை முழுதாக எழுதினாள்.

பெட்டியை மறுபடி மாடிக்கு அவர்தான் தூக்கிப் போனார். மாட்டி, வேகம் அளக்கிற முள்ளை ஓடவிட்டார்கள். சரசரவென்று ஏறி உச்சியில் நின்றது. ரவிச்சந்திரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உன் கை நல்லாத்தான் கீது வசு. நான்தான் பாக்காமலே சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளாமல், "இப்ப மட்டும் பாத்தீங்களா? திங்கக்கிழம அவங்க பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உலை வைக்கக் கீழே இறங்கினாள்.

திங்கட்கிழமை அவருக்கு மத்தியான ஷிப்ட். காலை முழுக்க வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, டிவி ஓடவில்லை. மார்கரெட் டீச்சர் வீட்டு நாய் குரைத்ததற்குக்கூட அவர் மதில்பக்கம் போய் அதட்டிவிட்டு வந்தார். இரண்டு முறை மாடிப்படி ஏறி வந்து, மூடிய கதவுக்கு வெளியே நின்று, தட்டாமல் இறங்கிப் போனார். உள்ளே கீபோர்டுச் சத்தம் மழை மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றபோது மாடியில் செல்போன் அடித்தது. கீபோர்டு நின்றது. கதவு திறந்தது. வசுமதி படியின் உச்சியில் வந்து நின்றாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று கீழிருந்து கேட்டார்.

"செஞ்சது நான். பாத்தது அவங்க," என்றாள் வசுமதி. "ஓகேவாம்."